தலயும் தறியும்: 'ஓய்வு' என்ற சொல் குறித்துச் சில குறிப்புகள்

1

கோடி கோடியாகச் சம்பாதித்த ஒருத்தர் மட்டையைக் கீழே வைக்கப் போகிறார் என்பதற்காக, வாரக் கூலி வாங்குகிற ஒருத்தர் ஏன் கண்ணீர் விட வேண்டும்? தோனியின் ஓய்வு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் தோழர்கள் சிலர் என்னிடம் கேட்கிற கேள்வி இது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேட்பவர்கள் பதிலையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். போலிப் பிரக்ஞை, வெகுஜனப் போதை, மூலதனத்தின் கண்கட்டு வித்தை என்று இரண்டு மூன்று சொற்களை எடுத்துப் போட்டுவிட்டால் விஷயம் முடிந்தது.

எம்ஜிஆர் விஷயத்திலும் இப்படித்தான் முடித்துவைத்திருந்தோம். அந்தப் பிம்பம் அடித்தட்டு மக்களின் எந்தெந்த ஆசைகளையும் நினைவுகளையும் கொண்டு கட்டப்பட்டது என்று எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் 'தி இமேஜ் ட்ராப்' நூலில் பிரித்துக் காட்டிய பிறகுதான் நம்மில் சிலருக்காவது ரசிகனையும் ஒரு வரலாற்று மனிதனாகப் பார்க்கத் தோன்றியது. அதற்கும் முப்பது வருஷத்துக்கு முன்பே, 1963இல், டிரினிடாட் மார்க்சியரான சி.எல்.ஆர். ஜேம்ஸ் கிரிக்கெட்டைப் பற்றி 'பியாண்ட் எ பவுண்டரி' என்ற புத்தகத்தை எழுதியிருந்தார். ஹெய்ட்டிப் புரட்சியின் வரலாற்றை எழுதிய அதே கைதான் மட்டை வீச்சையும் எழுதியது. அவருக்கு அது இறங்கிவந்து செய்த வேலையாகப் படவில்லை.

நான் பல்லடத்துக்காரன். நானும் ரசிகன். விலகி நின்று பார்க்கிற ஆய்வாளனின் சலுகை எனக்கு வேண்டியதில்லை. விசைத்தறியும் பனியனும் கறிக்கோழியும் பிழைப்பாக உள்ள இந்தப் பகுதியில் ஒரு ஆட்டக்காரரின் ஓய்வு எப்படி வாசிக்கப்படுகிறது என்பதே என் அக்கறை. 'ஓய்வு' என்ற சொல் இங்கே யாருக்கு உரியது, யாருக்கு இல்லை என்ற கணக்கைத் தீர்க்காமல் அந்தக் கண்ணீரைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கட்சி.

2

சென்னைக் கிரிக்கெட்டின் வரலாற்றில் பல்லடம் இல்லை. மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846இல் வெள்ளைக்காரர்கள் தங்களுக்காக வைத்துக்கொண்டது. அதற்கு மறுமொழியாக 1888இல் புச்சிபாபு நாயுடு மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். 1934 நவம்பரில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் நடந்தது. ஒரே நாளில் முடிந்தும் போனது. 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை இங்கிலாந்துக்கு எதிராக அடைந்ததும் அதே மண்ணில்தான். பெருமையான வரலாறு. ஆனால் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மாம்பலம் என்று நாலைந்து பேட்டைகளுக்குள்ளேயே, பெரும்பாலும் பார்ப்பன, நகர்ப்புற நடுத்தர வர்க்கக் குடும்பங்களுக்குள்ளேயே சுற்றிவந்த வரலாறு.

எங்களுக்குக் கிரிக்கெட் குரலாகத்தான் வந்துசேர்ந்தது. அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனை வானொலியில் வரும். நாடாத் தறி ஓடுகிற இடத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. வானொலி எப்படிக் கேட்கும்? பாவு பிணைக்கத் தறி நிற்கிற நேரம், கரண்ட் போகிற நேரம், டீக் குடிக்க வெளியே வருகிற நேரம், இவற்றில் கிடைத்த ஸ்கோர்தான் எங்கள் கிரிக்கெட். துண்டு துண்டாகக் கேட்டு மிச்சத்தை நாங்களே இட்டுக்கட்டிக்கொண்டோம்.

பிறகு 2008 பிப்ரவரி 20 வந்தது. மும்பையில் ஏலம். ஆட்டக்காரர்களை மேடையில் பெயர் சொல்லி விலை கூறினார்கள். பதினைந்து லட்சம் டாலருக்கு, அன்றைய மதிப்பில் ஆறு கோடி ரூபாய்க்கு, தோனி சென்னை அணிக்கு விற்பனையானார். அன்றைய ஏலத்தில் அதுதான் அதிகபட்ச விலை. வாங்கியது இந்தியா சிமெண்ட்ஸ். மனித உழைப்பு சரக்காவதை இதைவிட வெளிப்படையாக யாரும் நடத்திக்காட்ட முடியாது என்று அன்றைக்கே நம்மில் பலர் எழுதினார்கள். எழுதியது சரி. ஆனால் அந்தச் சரக்கை இங்குள்ள மக்கள் என்னவாக ஆக்கிக்கொண்டார்கள் என்பதை யாரும் எழுதவில்லை. ஏலத்தில் வந்தவரை அவர்கள் பங்காளி ஆக்கிக்கொண்டார்கள்.

'தல' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 2001இல் வந்த 'தீனா' படத்துக்குப் பிறகு அது அஜித்தின் பெயராக இருந்தது. 2021 டிசம்பரில் தன்னை அப்படி அழைக்க வேண்டாம் என்று அவர் அறிக்கை விட்டார். அதற்கு ரொம்ப முன்னாலேயே அந்தச் சொல் மஞ்சள் சட்டைக்கு ஏறிவிட்டிருந்தது. 'தலைவர்' என்பதன் கடைசியில் ஒரு மரியாதை விகுதி நிற்கிறது. கும்பிடு போட வைக்கும். 'தல'யில் அது இல்லை. 'வா தல' என்று கூப்பிடலாம். டீக்கடையில் இரண்டு பையன்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்கிற சொல் அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊர் ஆட்டக்காரர் ஒருவர் மேலே வந்தால் 'எந்த ஊருங்க?' என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. பதில் மட்டும் எப்படியோ எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. தோனியிடம் அந்த இரண்டாவது கேள்வி வேலைசெய்யவில்லை. அவர் குடும்பத்தின் பூர்வீகமான உத்தராகண்டில் அந்தப் பெயரை வைத்து எதையாவது வாசித்துக்கொள்ளலாம். பல்லடத்தில் அது வாசிக்க முடியாத பிரதி. சாதி தெரியாத ஒருத்தரை நேசிக்கிற வாய்ப்பு தமிழ் மனத்துக்கு எத்தனை தடவை கிடைத்திருக்கிறது? அயலாராக இருந்ததால்தான் அவரைத் தயக்கமில்லாமல் நம்மவராக்க முடிந்தது.

இந்த நேசத்துக்குக் குருட்டுத்தனமும் உண்டு. 2013இல் வெடித்த சூதாட்ட விவகாரத்தில் லோதா குழு 2015 ஜூலையில் தீர்ப்புச் சொல்லி, சென்னை அணி 2016, 2017 என்று இரண்டு வருஷம் ஆடாமல் விலக்கி வைக்கப்பட்டது. ரசிகர்கள் மன்னித்துவிட்டார்கள் என்பதைவிட, கேள்வியே கேட்கவில்லை என்பதுதான் பொருந்தும். 2018இல் அணி திரும்பி வந்தபோது காவிரி மேலாண்மை வாரியத்துக்கான போராட்டம் உச்சத்தில் இருந்தது. ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் ஆட்டத்தின் நடுவே ஆட்டக்காரர்களை நோக்கிச் செருப்பு வீசப்பட்டது. மிச்ச உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. ஒரு ரயில் நிறைய ரசிகர்களும் பின்னாலேயே போனார்கள். தண்ணீருக்கான துக்கமும் ஆட்டத்துக்கான ஆசையும் ஒரே உடம்புக்குள் சண்டையிட்ட நாட்கள் அவை. போராட்டத்தின் பக்கம் நின்றுகொண்டே 'ஸ்கோர் என்னாச்சுங்க?' என்று கேட்டவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர்.

3

தோனியின் ஓய்வு ஒரு நாளில் நடந்த நிகழ்ச்சி இல்லை. பத்து வருஷத்துக்கும் மேலாகத் தவணை முறையில் நடந்துவந்தது.

2014 டிசம்பர் 30, மெல்பர்ன். தொடரின் நடுவிலேயே டெஸ்ட் ஆட்டங்களிலிருந்து விலகினார். விடைபெறும் ஆட்டம் என்று எதுவும் இல்லை. 2019 ஜூலை 10, மான்செஸ்டர். உலகக் கோப்பை அரையிறுதியில் ஐம்பது ரன்னில் ரன் அவுட். இந்தியாவுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் அதுதான் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. 2020 ஆகஸ்ட் 15 மாலை, சமூக ஊடகத்தில் ஒரு பழைய இந்திப் பாட்டு, சில படங்கள், 19.29 மணியிலிருந்து ஓய்வு பெற்றவனாகக் கருதுங்கள் என்று ஒரு வாக்கியம். அவ்வளவுதான். அதே ஆண்டு நவம்பர் 1 அன்று அபுதாபியில், சென்னை அணிக்கும் இதுதான் கடைசி ஆட்டமா என்று கேட்டபோது 'நிச்சயமாக இல்லை' என்றார். அந்த இரண்டு ஆங்கிலச் சொற்கள் அதற்குப் பிறகு திருப்பூரில் எத்தனை சட்டையில் அச்சாகியிருக்கும் என்பதற்குக் கணக்கில்லை.

2021 நவம்பரில் சென்னையில் நடந்த பாராட்டு விழாவில், தன் கடைசி இருபது ஓவர் ஆட்டம் சென்னையில் நடக்கும் என்று நம்புவதாகச் சொன்னார். அடுத்த வருஷமா, ஐந்து வருஷம் கழித்தா என்று தெரியாது என்றும் சேர்த்துக்கொண்டார். 2023 மே 14 அன்று சேப்பாக்கத்தில் அந்த ஆண்டின் கடைசி உள்ளூர் லீக் ஆட்டம் தோல்வியில் முடிந்த பிறகு, முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார். கவாஸ்கர் ஓடிப்போய்த் தன் சட்டையில் கையெழுத்து வாங்கினார். இரண்டு வாரம் கழித்து, மே 29 இரவு தொடங்கி நள்ளிரவு தாண்டி முடிந்த அகமதாபாத் இறுதி ஆட்டத்தில் ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் அடித்து ஐந்தாவது கோப்பையைக் கொண்டுவந்தார். நன்றி சொல்லிவிட்டுப் போவது எளிது, ஒன்பது மாதம் உழைத்து மறுபடி வருவதுதான் கடினம், அது ரசிகர்களுக்கு என் பரிசாக இருக்கும் என்கிற பொருளில் அன்று பேசினார். அடுத்த சில நாளில் முட்டியில் அறுவை சிகிச்சை.

2024 மார்ச்சில் தலைமையை ருதுராஜ் கெய்க்வாடிடம் கொடுத்தார். 2025இல் ருதுராஜுக்குக் காயம். மறுபடியும் தோனி தலைமை. அணி முதல் தடவையாகக் கடைசி இடத்துக்குப் போனது. பெங்களூருக்கு எதிரான ஆட்டத்தில் ஒன்பதாவது ஆளாக இறங்கினார். ஆட்டம் ஏற்கனவே கைவிட்டுப் போயிருந்தது. பத்து ஓவர் முழு வேகத்தில் ஓடி ஆட அவர் முட்டி இடம் தராது என்று பயிற்சியாளர் ஃபிளெமிங் வெளிப்படையாகவே சொன்னார். மே 25 அன்று சீசன் முடிந்தபோது, முடிந்துவிட்டது என்றும் சொல்லவில்லை, வருவேன் என்றும் சொல்லவில்லை, யோசிக்க நாலைந்து மாதம் இருக்கிறது என்றார்.

இந்தத் தவணைகளை ரசிகர் எப்படி அனுபவித்தார்? ஒவ்வொரு ஏப்ரலும் கடைசி ஏப்ரலாக இருந்தது. சொந்த அணிக்காரர் அவுட் ஆனால் தோனி வருவார் என்பதற்காகக் கூட்டம் ஆர்ப்பரிக்கும் விசித்திரம் நடந்தது. தான் முன்னதாக இறங்கினால் தன் விக்கெட் விழத்தான் காத்திருப்பார்கள் என்று ஜடேஜா சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்புக்குள் வலி இருந்தது. வெற்றி இரண்டாம்பட்சம், அவர் இன்னும் இருக்கிறார் என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்வதுதான் முதல். இது விளையாட்டு ரசனை இல்லை என்று சொல்பவர்கள் சொல்வது சரி. ஆஸ்பத்திரியில் இருக்கிற பெரியவரைப் பார்த்துவிட்டு வருகிறவரின் மனநிலைக்கும் இதற்கும் நெருங்கிய சொந்தம் உண்டு.

ஒப்பிட்டுப் பார்க்க அஸ்வின் இருக்கிறார். மேற்கு மாம்பலத்துக்காரர். 106 டெஸ்ட், 537 விக்கெட். 2024 டிசம்பர் 18 அன்று பிரிஸ்பேனில் தொடரின் பாதியில் ஓய்வை அறிவித்து மறுநாளே விமானம் ஏறினார். 2025 ஆகஸ்டில் ஐபிஎல்லிலிருந்தும் விலகினார். தமிழ்நாடு தந்த மிகப் பெரிய பந்துவீச்சாளர் போனபோது எங்கள் ஊர் டீக்கடைப் பேச்சு இரண்டு நாளில் அடங்கிவிட்டது. ரத்தமும் மொழியும்தான் பாசத்தைத் தீர்மானிக்கும் என்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

4

இனி 'ஓய்வு'க்கு வருவோம். எங்கள் ஊரில் 'ரிட்டையர்டு' என்ற சொல் ஆசிரியருக்கு உண்டு, மின்வாரியத்துக்காரருக்கு உண்டு, பஸ் கண்டக்டருக்கு உண்டு. தறி ஓட்டியவரை யாரும் 'ரிட்டையர்டு' என்பதில்லை. 'இப்ப வேலைக்குப் போறதில்லீங்க, ஊட்டுல இருக்கறாரு' என்பார்கள். அதற்குத் தேதி கிடையாது. மாலை கிடையாது. ஒரு வாரம் முட்டி வலி, பத்து நாள் இருமல், அப்புறம் ஒரு மாசம் லீவு, திரும்பிப் போனால் அந்தத் தறியில் வேறொருத்தர் நிற்பார். அதுதான் அறிவிப்பு. மழை ஓய்ந்தது என்கிற பொருளில்தான் இங்கே ஆட்கள் ஓய்கிறார்கள்.

2023 மே மாதம் தோனி முட்டியைப் பிடித்துக்கொண்டு சேப்பாக்கத்தைச் சுற்றிவந்ததைப் பார்த்த ஒரு பெரியவர், நாற்பது வருஷம் தறியில் நின்றவர், என்னிடம் சொன்னார்: "எனக்கும் அதே முட்டிதானுங்க தம்பி. அவருக்கு ஆபரேசன் பண்ணுவாங்க. நமக்குத் தேங்கா எண்ணெய்தானுங்க." அவர் குரலில் பொறாமை இல்லை. ஒரே நோய் உள்ளவர்களுக்கிடையே இருக்கிற நெருக்கம் இருந்தது. அவர் அழுதது எதற்காக என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. நாற்பதாயிரம் பேர் எழுந்து நின்று ஒரு உடம்பு தேய்ந்ததை மரியாதை செய்கிறார்கள். உடம்பு தேய்வது கௌரவமான விஷயமாகவும் இருக்க முடியும் என்பதைத் தன் ஆயுளில் அவர் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சட்டப்படி ஓய்வு இல்லையா என்றால், இருக்கிறது. பிஎஃப் பிடிக்கிற கம்பெனியில் வேலை பார்த்திருந்தால், 1995ஆம் வருஷத் திட்டத்தின்கீழ் ஓய்வூதியம் உண்டு. அதன் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. ஒரு நாளைக்கு முப்பத்து மூன்று ரூபாய். அதுவும் பிஎஃப் பிடித்தவர்களுக்கு. பல்லடம், சோமனூர், மங்கலம் பக்கம் பாவும் ஊடையும் வாங்கிக் கூலிக்குக் காடாத் துணி நெய்து தருகிற சிறு தறிக்காரர் தானே முதலாளி, தானே தொழிலாளி. அவர் பெயர் எந்தப் பேரேட்டிலும் வராது.

2024இல் கிரிக்கெட் வாரியம் ஒரு பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்தது. ஐந்து வருஷமாகச் சர்வதேச ஆட்டத்தில் களமிறங்காத இந்திய ஆட்டக்காரரை, இந்தியாவுக்கே ஆடாதவர் என்ற கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்பது அது. அப்படித்தான் இரண்டு உலகக் கோப்பைகளை வென்ற தலைவர் 2025 சீசனுக்கு 'புது ஆள்' வரிசையில் நாலு கோடிக்கு வைத்துக்கொள்ளப்பட்டார். 2022இல் அவர் தொகை பன்னிரண்டு கோடி. ரசிகர்கள் இதைத் தியாகமாகக் கொண்டாடினார்கள். எனக்கு வேறு ஞாபகம் வந்தது. 1972ஆம் வருஷப் பணிக்கொடைச் சட்டம் ஐந்து வருஷத் தொடர் வேலையைக் கேட்டது. அதனாலேயே நாலரை வருஷம் ஆனதும் கணக்கை முடித்து, ஒரு மாசம் கழித்து அதே ஆளைப் 'புது ஆள்' என்று சேர்த்துக்கொள்கிற வழக்கம் இந்தப் பகுதியில் யாருக்கும் புதிதில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குறித்த காலத்துக்கு எடுக்கப்படுகிறவருக்கு ஒரு வருஷத்திலேயே பணிக்கொடை என்கிறது. எழுதியது எட்டட்டும், பார்ப்போம். மூத்தவரின் வரலாற்றை அழித்து அவரையே புதியவராக்கி, விலையைக் குறைத்து வைத்துக்கொள்வது மூலதனத்துக்குக் கைவந்த கலை. தோனிக்கு அது நாலு கோடியில் நடந்தது; ஓவர்லாக் டைலருக்கு அது பீஸ் ரேட்டில் நடக்கிறது. தொகைகள் ஒப்பிட முடியாதவை. செய்முறை ஒன்று.

2025 மார்ச் 19 அன்று கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிக்காரர்கள் தறிகளை நிறுத்தினார்கள். ஐந்தாம் நாள் சேப்பாக்கத்தில் சென்னையின் முதல் ஆட்டம். ஏறத்தாழ ஒரு மாதம் தறிச் சத்தம் இல்லாத பல்லடத்தில், கிரிக்கெட் வர்ணனை முதல் தடவையாக முழுசாகக் கேட்டது. கூலி இல்லாத ஓய்வு எப்படி இருக்கும் என்பது அந்த மாதம் எல்லா வீட்டிலும் தெரிந்தது. அதற்கு முன்பே எத்தனையோ பேர் நாடாத் தறிகளைப் பழைய இரும்புக்கு எடைபோட்டுவிட்டார்கள். தறிக்கு அப்படி ஒரு ஓய்வு. கிலோ கணக்கில்.

5

தன்பாத்திலிருந்து ஆலப்புழாவுக்கு ஒரு ரயில் வருகிறது. ராஞ்சி, ஹட்டியா, ரூர்கேலா தாண்டி, சேலம், ஈரோடு, திருப்பூர் வழியாகப் போகும். தோனியின் ஊரும் எங்கள் ஊரும் ஒரே தண்டவாளத்தில் இருக்கின்றன. அப்பா மெக்கான் நிறுவனத்தில் பம்பு இயக்கியவர். மகன் 2001இலிருந்து இரண்டு மூன்று வருஷம் கரக்பூரில் டிக்கெட் பரிசோதகர். ரயிலை நன்றாக அறிந்த குடும்பம். அதே ஜார்க்கண்டிலிருந்து அதே ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டியில் வந்து இறங்குகிற பையனுக்கு இங்கே என்ன பெயர்? அவனும் ராஞ்சிப் பக்கம்தான். அவனுக்கும் இந்திதான். அவனுக்கும் தமிழ் வராது. ஆனால் அவன் 'வடக்கன்'.

2020 மே 1 அன்று, ஊரடங்கில் தவித்த தொழிலாளர்களுக்காக இந்தியாவில் ஓடிய முதல் சிறப்பு ரயில் தெலங்கானாவின் லிங்கம்பள்ளியிலிருந்து ஹட்டியாவுக்குத்தான் போனது. பிறகு திருப்பூரிலிருந்தும் ரயில்கள் கிளம்பின. அந்த வருஷம் இரண்டு விடைபெறுதல்கள் நடந்தன. மே மாதம் ஆயிரக்கணக்கான பேர் மூட்டையோடு போனார்கள். ஆகஸ்டில் ஒருத்தர் சர்வதேசக் கிரிக்கெட்டிலிருந்து போனார். எதற்கு ஊர் அழுதது என்று சொல்ல வேண்டியதில்லை.

2023 இதைவிடக் கூர்மையானது. மார்ச் தொடக்கத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. வேறெங்கோ வேறெப்போதோ நடந்தவற்றை ஒட்டிவெட்டிச் செய்தவை. பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அதிகாரிகள் குழு வந்து பார்த்தது. வதந்தி பொய். ஆனால் வதந்தியை நம்ப வைத்த பயம் பொய்யா? ஜனவரியில் திருப்பூரில் ஒரு டீக்கடைத் தகராறு வீடியோவாகி, 'வடக்கன் நம்மளைத் துரத்துறான்' என்று எத்தனை பேர் கொதித்தார்கள்? மார்ச்சில் எங்கள் பக்கத்து லைன் வீட்டில் அந்தப் பையன்கள் இருட்டிய பிறகு கதவைத் திறக்கவில்லை. மார்ச் 31 அன்று ஐபிஎல் தொடங்கியது. ஏப்ரலில் அதே லைன் வீட்டு வாசலில் ஏழாம் எண் மஞ்சள் சட்டை உலர்ந்துகொண்டிருந்தது. காதர்பேட்டையில் வாங்கிய செகண்ட்ஸ். தோனி இறங்கினார் என்றதும் ஒரே மொபைலைச் சுற்றி நம் பையன்களும் அவர்களும் நின்றார்கள். "மாஹி பாய் எங்க ஊரு, அண்ணா" என்றான் ஒருவன். நம்ம பையன் திருப்பிக் கேட்டான்: "உங்க ஊரா? தல எங்க ஊருடா." எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை நான் பெரிதுபடுத்த விரும்பவில்லை. மறுநாள் கடையில் சில்லறைக்கு அதே பையனை 'ஏய்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் அந்தச் சின்ன வாக்குவாதத்தில் ஒரு உண்மை வெளிப்பட்டது. இந்தியை எதிர்த்து உயிர்கொடுத்த மாநிலம் தோனியிடம் தமிழ் பேசச் சொல்லிக் கேட்கவில்லை. 'வடக்கன்' என்பது திசையைக் குறிக்கும் சொல்லாக இருந்தால் முதலில் அவருக்குத்தான் பொருந்த வேண்டும். அது கூலியைக் குறிக்கும் சொல். அடுத்த தறியில் குறைந்த கூலிக்கு நிற்க வைக்கப்பட்டவனுக்கு, அவனை நிற்க வைத்தவர் மேல் வர வேண்டிய கோபத்தைத் திருப்பிவிடுகிற சொல்.

6

இந்த ஓய்வுப் பேச்சில் பெண்கள் எங்கே? பனியன் கம்பெனியில் செக்கிங், பிசிறு வெட்டுதல், பேக்கிங் எல்லாம் பெரும்பாலும் அவர்கள் கையில்தான். மஞ்சள் சட்டையின் பிசிறும் அவர்கள் வெட்டியதுதான். நாற்பத்தைந்து வயதில் கண் மங்கினால் செக்கிங்கிலிருந்து நிறுத்தப்படுவார்கள். நின்ற பிறகு வீட்டுக்கு வந்து அடுப்பில் நிற்பார்கள். அடுப்புக்கு ஓய்வுபெறும் வயது கிடையாது. டிவி முன்னால் ஆண்கள் உட்கார்ந்து ஒரு ஆணின் ஓய்வுக்குக் கலங்கும்போது டீ கொண்டுவந்து வைக்கிற கைக்கு ஓய்வு பற்றி என்ன அபிப்பிராயம் என்று யாரும் கேட்பதில்லை.

தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மிதாலி ராஜ் 23 வருஷம் இந்தியாவுக்கு ஆடினார். ஒருநாள் ஆட்டங்களில் மட்டும் 7,805 ரன். 2022 ஜூன் 8 அன்று அவரும் சமூக ஊடகத்தில் ஒரு பதிவு போட்டுத்தான் விலகினார். பல்லடத்தில் ஒரு விசில் கேட்கவில்லை. யாருடைய தேய்மானம் நம்மைக் கலங்க வைக்கிறது, யாருடைய தேய்மானம் கண்ணிலேயே படுவதில்லை என்பதும் அரசியல்தான்.

7

ரசிகரின் கண்ணீர் சும்மா வந்ததில்லை என்பதுவரைக்கும் சொல்லியாகிவிட்டது. அதற்காக அதைப் புனிதமாக்கவும் கூடாது. 'இன்னும் ஒரு வருஷம் தல' என்கிற கூப்பாட்டை அணி நிர்வாகமும் கேட்கிறது. டிக்கெட்டாகவும் சட்டையாகவும் விளம்பரமாகவும் மாற்றிக்கொள்கிறது. தேய்ந்த முட்டியைத் தேயத் தேய விற்கலாம் என்பது அங்கே கண்டுபிடிக்கப்பட்ட புது வியாபாரம். பதினேழு வயது ஆயுஷ் மாத்ரே 2025 மே 3 அன்று 94 ரன் அடித்தும் சென்னை இரண்டு ரன்னில் தோற்றபோது, பழியைத் தான் ஏற்றுக்கொள்வதாகத் தோனி சொன்னார். மூத்தவர் இடத்தை விட வேண்டிய நேரம் எது என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த முடிவை அவர் எடுப்பார். எடுக்கிற உரிமை அவருக்கு இருக்கிறது.

அந்த உரிமைதான் விஷயம். எப்போது போவது என்று தானே தீர்மானிப்பது. போகும்போது நாலு பேர் எழுந்து நிற்பது. போன பிறகு சாப்பாட்டுக்குக் கையேந்தாமல் இருப்பது. இந்த மூன்றும் ஒருத்தருக்குக் கிடைப்பதைப் பார்த்துத்தான் இங்கே ஊரே கலங்குகிறது. 1984இல் இதே திருப்பூரில் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விலைவாசி ஏறினால் கூலியும் ஏற வேண்டும் என்பதை ஒரு உரிமையாகப் பேச வைத்த போராட்டம் அது. ஓய்வைப் பற்றி அப்படி ஒரு போராட்டம் இன்னும் நடக்கவில்லை. வயதான தறிக்காரருக்கும், கண் மங்கிய செக்கிங் அக்காவுக்கும், தன்பாத் ரயிலில் வந்து இருபது வருஷம் உழைத்துவிட்டு அதே ரயிலில் வெறுங்கையோடு திரும்புகிறவருக்கும் சேர்த்து ஒரே கோரிக்கையாக அது எழும்போது, மஞ்சள் சட்டை போட்டவர்கள் அதில் எந்தப் பக்கம் நிற்பார்கள்?

அவர்களைப் போதையேறிய கும்பல் என்று ஒதுக்கிவிட்டால் இந்தக் கேள்வியை அவர்களிடம் கேட்கவே முடியாது. ஒரு உடம்பு தேய்ந்தால் அதற்கு மரியாதை செய்ய வேண்டும் என்பதை அவர்கள் ஏற்கனவே கற்றுக்கொண்டுவிட்டார்கள். சேப்பாக்கத்தில் கற்றதைப் பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவருவது நம் வேலை.